மேளம் – 4 பேர்

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தை ஒட்டிய சின்ன ஊர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் வரவு செலவு நோட்டு என் தலையில் விழுந்தது. போன தடவை செலவுப் பட்டியல் போட உட்கார்ந்தபோது பழைய பக்கங்களைப் புரட்டினேன். 'கச்சேரி' என்ற தலைப்புக்குக் கீழே பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பெயர்கள், நான்கும் இனிஷியலோடு. அவர்களுக்கான கார் வாடகை, லாட்ஜ், காபி டிபன் எல்லாம் தனித்தனி வரியில். இரண்டு வரி தள்ளி 'மேளம் – 4 பேர், 10 நாள்' என்று இருந்தது. அவ்வளவுதான். பெயர் இல்லை, காபி இல்லை. பத்து நாள் காலையும் ராத்திரியும் வாசிக்கிற அந்த நாலு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை, பாடகர் இரண்டரை மணி நேரத்துக்கு வாங்கியதில் பாதிகூட இல்லை.

பதினோரு வருடமும் அந்த வரியை எழுதியது நான்தான்.

சங்கீதத்துக்குச் சமூகப் பொறுப்பு உண்டா என்று ஒவ்வொரு மார்கழியிலும் சென்னையில் பேச்சு கிளம்பும். நானும் போனில் விடாமல் படிப்பேன். எதைப் பாட வேண்டும், எங்கே போய்ப் பாட வேண்டும் என்பதைச் சுற்றியே அந்தப் பேச்சு இருக்கும். 2015ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்கள் நடுவே கச்சேரி வைத்தார்கள். 2017ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று புறம்போக்கைப் பற்றி ராகமாலிகையாகப் பாடினார். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. அதே 2017 ஜூன் கடைசியில்தான் எங்களுக்குப் பக்கத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, ஊரே ரோட்டுக்கு வந்தது. எங்கள் கமிட்டி அந்த வருடமும் பாடகரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, 'கடைசியில் துக்கடா நாலு கூடுதலாக இருக்கட்டும்.' (துக்கடா என்றால் கச்சேரி முடிவில் பாடும் லேசான சின்னப் பாட்டு.) அதனால் எதைப் பாடுவது என்ற கேள்வியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் டெல்டாவில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது, ஒரு வங்கிக்காரன் கேட்கிற கேள்வி. இந்தச் சங்கீதம் யார் யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறது?

நம் சங்கீதத்தைத் தெய்வீகம் என்று சொல்லிச் சொல்லி, அது சாப்பிட்ட சோற்றை மறந்துவிட்டோம். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், தீட்சிதர் மூன்று பேரும் 18ஆம் நூற்றாண்டில், பதினைந்து வருட இடைவெளிக்குள், ஒரே திருவாரூரில் பிறந்தார்கள். அது வெறும் தெய்வ சங்கல்பம் என்றால் தாமிரபரணிக் கரையிலும் அப்படி நடந்திருக்கலாமே. தஞ்சை அரண்மனை, கோயில்கள், மடங்கள், மிராசுதார்கள் என்று பாட்டுக்குப் படியளந்தவர்கள் எல்லோருக்கும் மூலதனம் ஒன்றுதான்: நெல். தெருவில் பாடிக்கொண்டே பிச்சை ஏற்று, உஞ்சவிருத்தி எடுத்த தியாகராஜரின் செம்பில் விழுந்ததும் அரிசிதான். இன்றும் திருவையாற்றில் ஆராதனை அன்று காலை அவர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து சமாதி வரைக்கும் உஞ்சவிருத்தி பாடிக்கொண்டு வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அரிசி யார் நட்டு யார் அறுத்தது என்று அங்கே நின்றிருந்த எத்தனையோ தையில் எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்றியது தாத்தாவின் கணக்கு நோட்டைப் பார்த்த பிறகு. எங்களுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. பெரிய பண்ணை இல்லை, ஆனாலும் பண்ணையாட்கள் வைத்திருந்த வீடு. தாத்தா நல்ல ரசிகர். தோடி ராகத்தைக் கேட்டால் சாப்பாட்டுத் தட்டிலேயே தாளம் போடுவார். 1940களின் நோட்டு அது. ஒரே பக்கத்தில் கோயில் மேளத்துக்கு அளந்த நெல், வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு அளந்த நெல், கீழே பண்ணையாட்களின் கூலி நெல், எல்லாம் கலம், மரக்கால் கணக்கில். களத்து மேட்டில் இப்படி அளக்கிற பங்குக்கு அந்த நாளில் 'சுதந்திரம்' என்று பெயர் உண்டு. (இந்த வார்த்தையின் கதையைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.) பக்கத்தின் மேலே ஓரமாக, வேறு மையில், திருவையாறு போய்வந்த ரயில் செலவு. பண்ணையாள் கூலியில் ஒரு இடத்தில் அடித்துத் திருத்திக் குறைத்திருந்தது. ஏன் என்று எழுதவில்லை.

அந்தப் பக்கத்தை மூடிவைத்த பிறகு நந்தனார் கீர்த்தனையை என்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை.

சிதம்பரம் கோயிலுக்குப் போக ஏங்கிய நந்தனாரின் கதையைக் கீர்த்தனையாக எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர். மாயவரம், ஆனந்ததாண்டவபுரம் என்று இந்த வட்டாரத்திலேயே இருந்தவர். பெரியபுராணத்து நந்தனாருக்கு முதலாளி கிடையாது. அவருடைய ஏக்கத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் நிலக்காரர் யாரும் வந்து நிற்பதில்லை. பாரதியார்தான் வேதியர் என்ற பண்ணை முதலாளியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். 'நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ' என்று அவரைச் சொல்லவைத்தார். டெல்டாவில் வளர்ந்தவருக்கு முதலாளியைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இருந்திருக்காது, திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும். 1860களில் காரைக்காலில் இருந்த சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தக் கீர்த்தனைகளில் மயங்கி அச்சுக்குக் கொண்டுவர உதவினார்.

மேடையில் நாம் கேட்பது என்ன? மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ'. பூர்விகல்யாணியில் 'சற்றே விலகியிரும்'. உள்ளே வரலாமா என்று ஒரு பண்ணையாள் கெஞ்சுகிறான். நாம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறோம். வேதியர் அதட்டுகிற பாட்டுகள் கச்சேரியில் அநேகமாக வருவதே இல்லை. கெஞ்சல் மட்டும் மிஞ்சி, யாரிடம் எதற்காகக் கெஞ்சினான் என்பது கழன்றுவிட்டது. வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் திருப்புன்கூருக்குப் போனால் நந்தி நகர்ந்துதான் இருக்கும். நந்தனுக்கு வழிவிட்டு ஒதுங்கியதாகச் சொல்வார்கள். நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். நந்திதான் நகர்ந்தது, நந்தனார் வெளியேதான் நின்றார் என்று கூட வந்த என் மகள்தான் சொன்னாள். எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

1968 டிசம்பர் 25. மார்கழி மாதம். சென்னையில் சபாக்களெல்லாம் நிரம்பியிருக்கிற வாரம். அன்று ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதுதான் தகராறின் ஆரம்பம். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். பாடகர்கள் யாரும் தீ வைக்கவில்லை, தெரியும். எனக்கு அப்போது ஐந்து வயது, நானும் வைக்கவில்லை. ஆனால் 'எங்கள் சங்கீதம் தஞ்சை மண்ணில் விளைந்தது' என்று ஒவ்வொரு வரவேற்புரையிலும் மார்தட்டுகிறோமே, மண்ணைச் சொல்லிப் பெருமை கொண்டாடினால் அந்த மண்ணில் நடந்ததும் கூடவே வரத்தான் செய்யும். நல்லதை மட்டும் வரவில் எழுதிக்கொள்ளும் நோட்டை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, நாயனத்துக்கு வருகிறேன். என் மனசு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நரசிங்கம்பேட்டை. 2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் போட்டோவெல்லாம் வந்தது. ஆச்சா மரத்தில் கடைவது, அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரம், தூண் என்றால் விசேஷம். பல தலைமுறை காய்ந்த மரம் அல்லவா! மிராசுதார் வீடு இடிந்து நாயனமாகப் பிறக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு குரூர சந்தோஷம். வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குக் காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை வேண்டும். ஆற்றங்கரை போனால் சீவாளியும் போகும். சங்கீதமும் சுற்றுச்சூழலும் என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் முதலில் இந்தப் புல்லில் ஆரம்பிக்கலாம்.

பக்கத்திலேயே திருவாவடுதுறை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அவரைப் பற்றித் தாத்தா சொல்லாத கதை இல்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து நாயனத்தின் நீளத்தைக் கூட்டிச் சுருதியை இறக்கி, பாரி நாயனத்தை நிலைநிறுத்தினார். அது வாத்தியத்தில் செய்த மாற்றம். இன்னொன்றையும் மாற்றினார். கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், பாட்டுக்காரருக்குக் கிடைக்கிற மரியாதை தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தார். தலைக்கனம் என்றார்கள். தாத்தாவும் அப்படித்தான் சொல்வார், ஆனால் அவர் வாசித்த தோடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதே தாத்தாவின் குரல் கம்மிவிடும். வாசிப்பை வணங்கிவிட்டு வாசித்தவரைத் தலைக்கனக்காரர் என்று சொல்ல முடிகிற அந்த மனசு தாத்தாவோடு போய்விடவில்லை.

1991ல் என் தங்கை கல்யாணம். முகூர்த்தம் முடிந்து மூன்று பந்தி ஓடிவிட்டது. நாயனக்காரர் காலை நாலரை மணிக்கு ஊத ஆரம்பித்தவர். சமையற்கட்டுப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போன நான், அவரும் தவில்காரரும் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். 'சாப்டீங்களா அண்ணே?' என்றேன். 'ஆகட்டும் தம்பி, கடைசிப் பந்தில உக்காந்துக்கறோம்' என்றார், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சாயங்காலம் ரிசப்ஷனில் பாடிய மெல்லிசைக் குழுப் பையன்களுக்கு நானே ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன் என்பது அப்புறம் ஞாபகம் வந்தது. அப்புறம் என்றால், இருபது வருடம் கழித்து.

'நாயனத்தைக் கூப்பிடு', 'தவில் வந்தாச்சா' என்றுதான் இன்றும் பேசுகிறோம். பாடகரை யாரும் 'வாய்ப்பாட்டைக் கூப்பிடு' என்று சொல்வதில்லை.

தோல் விஷயம் இதைவிடக் கூச்சமானது. மிருதங்கத்துக்குப் பலாக்கட்டை, அதில் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். வலந்தலையில் கறுப்பாக இருக்கிற வட்டத்துக்குச் 'சோறு' என்றே பெயர், கல்பொடியோடு சோறும் சேர்த்துப் பிசைந்து தேய்ப்பார்கள். தஞ்சாவூரில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கையில் இருந்தது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் கிடையாது. அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தின் பெயர் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும். தோலை முகர்ந்து பார்த்து, மாட்டின் வயதைச் சொல்லி, எங்கே எவ்வளவு சுரண்டினால் நாதம் திறக்கும் என்று காதால் முடிவு செய்கிறவரை நாம் 'ரிப்பேர் பண்றவர்' என்கிறோம். மாட்டைப் பற்றி இவ்வளவு சண்டை நடக்கிற நாட்டில், மாட்டுத்தோல் இல்லாமல் ஒரு பல்லவிகூட முடியாது என்பதை மேடையில் இருக்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்வதே ஒரு நேர்மை. அதற்குப் புதுப் பாட்டு எதுவும் கட்ட வேண்டாம்.

மயிலாடுதுறைக்குப் பஸ்ஸில் போகும்போது மூவலூர் வரும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் 2022 வரை இருந்த திருமண உதவித் திட்டத்தின் பெயராக அறிந்திருந்தார்கள். தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் போராடியவர். தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தவர். அதே நாகரத்தினம்மாள்தான் தன் சொத்தை விற்றுத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டினார். கட்டியவருக்கே அங்கே பாட இடம் தரவில்லை, பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். ஆராதனையைத் தனித்தனியாக நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி மூன்றும் ஒன்றானது 1940களின் தொடக்கத்தில்தான். இந்த இரண்டு பெண்களில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் நான் மூவலூர் பக்கம்தான் சாய்வேன். ஆனால் சட்டம் வந்த பிறகு நடந்ததும் கண்ணில் படுகிறது. அந்தக் குடும்பங்களின் பாட்டை, பதம், ஜாவளி என்ற காதல் பாட்டுகளை எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண்களின் பேத்திகள் மேடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2018 அக்டோபரில் சங்கீத உலகத்துப் பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பெண்கள் வாய் திறந்தபோது, அந்த டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து நீக்கியது. எங்கள் வீட்டில் அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. என் அத்தை பேத்தி ஒருத்தி, நல்ல சாரீரம், பதினாலு வயதில் திடீரென்று பாட்டு கிளாஸை நிறுத்தினாள். யாரும் காரணம் கேட்கவில்லை. படிப்புச் சுமை என்று நாங்களே ஒரு காரணம் வைத்துக்கொண்டோம். பல வருடம் கழித்து, அந்தச் செய்திகள் வந்த நேரத்தில், அவள் காரணத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், 'வித்வத் இருந்தா கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்க' என்றார். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இப்போதும் பாடுவதில்லை. ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளை ஸ்வராவளி தாண்டாத நானெல்லாம் சங்கீதம் பேசுகிறேன்.

இதையெல்லாம் சொன்னால் என் நண்பர் ஒருவர், நாற்பது வருடக் கச்சேரித் துணை, 'ராகத்துக்கு ஏதுடா ஜாதி?' என்பார். ராகத்துக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆந்திராவில் பிறந்த நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா சாகிப், தஞ்சாவூர்ப் பாணிமேல் வைத்த ஆசையில் நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்க வந்தார். ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி ரங்கநாதருக்கு வாசித்தார், 1998ல் சங்கீத கலாநிதி ஆனார். முதல் தலைமுறைக் கிறிஸ்தவப் பாடல்களில் பல தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ராகத்தில் கட்டியவை. எங்கள் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை சர்வ சமயத்துக்கும் கீர்த்தனை எழுதினார். அந்த வழக்கம் இருந்த ஊரில் இருந்துகொண்டு, 2018ல் இயேசு மேல் பாடியதற்காகப் பாடகர்களை மிரட்டியதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆக, ராகம் போகாத இடமில்லை. நண்பரிடம் நான் கேட்டது வேறு: சுவாமி புறப்பாட்டில் நாயனத்தில் வாசிக்கிற மல்லாரி எந்தத் தெரு வரைக்கும் போய்த் திரும்புகிறது? அவருக்குத் தெரியும். நாலு வீதி சுற்றி, தேர்முட்டியோடு திரும்பிவிடும். அதற்குத் தெற்கே இருக்கிற தெருக்காரர்கள் காற்றில் வந்ததைத்தான் கேட்டார்கள். குப்பத்துக்குக் கச்சேரி போவதைப் பெரிய புதுமையாகப் பேசும்போது, 'எங்கள் ஊரில் நாயனம் எல்லாருக்கும் தெருவிலேயே வாசித்ததுதானே' என்று நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பாதிதான் உண்மை.

நோட்டைப் பார்த்த அந்த வாரம் கமிட்டியில் பேசினேன். ஏழாம் நாள் ராத்திரி, பாட்டுக் கச்சேரி வைக்கிற அதே மேடையில், அதே ஏழு மணிக்கு, நம் ஊர் நாயனம் தனிக் கச்சேரி. அதே மைக், அதே நோட்டீஸ். தொகையும் கிட்டத்தட்ட அதே. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவர் 'சவுண்டு ஜாஸ்தியா இருக்குமே' என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், பாட்டுக் கச்சேரியை ஒரு நாளாகக் குறைப்பது என்ற நிபந்தனையோடு. புறப்பாடு தெற்குத் தெருவுக்கும் போகட்டும் என்றேன். 'அது வேற விஷயம் சார், அதைத் தனியா பேசிக்கலாம்' என்றார்கள். இன்னும் பேசவில்லை.

மறுநாள் நானே நாயனக்காரர் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, வாசலில் சைக்கிள், உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். 'நீங்க உக்காருங்கண்ணே' என்று சொல்லி நானும் உட்கார்ந்தேன். மேடை, நோட்டீஸ், ஏழு மணி எல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. முடித்ததும், 'நல்லது சார். போன வருஷத்துல தவிலுக்கு ரெண்டு நாள் சம்பளம் நிக்குது. அதைப் பையன் கேக்கறான்' என்றார்.

எனக்குத் தெரியாது. நோட்டில் 'பட்டுவாடா ஆயிற்று' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. நடுவில் யார் கையில் நின்றதோ. இப்போதே அனுப்புகிறேன் என்று போனை எடுத்தேன். ஜிபே இருக்கிறதா என்றேன். பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்றார். நம்பர் கேட்டேன். பதினோரு வருடமாக அவர் நம்பர் என்னிடம் இல்லை. சொல்லி அனுப்பத்தான் ஆள் இருந்ததே.

பணம் போனதும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார். நம்பரைச் சேமிக்கப் போனேன், பெயர் கேட்டது. 'மேளம்' என்று பாதி அடித்துவிட்டு அழித்தேன்.

'நோட்டீஸ்ல போடணும்ணே, இனிஷியலோட சொல்லுங்க' என்றேன்.

'எனக்கு ரெண்டு இனிஷியல்' என்றார். 'அப்பா பேருக்கு முன்னாடி ஊர் பேரும் வரும். அதை விட்டுடாதீங்க.'